பத்தூமி வண்டி, ஒன்பது நாற்பது

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கடிகாரம் நின்றுபோய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி ஒருவரும் மனுக் கொடுத்ததில்லை. சியாலா இருந்தாளே, அது போதும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு அவள் போடும் சத்தத்தில் ஊருக்கே மணி தெரிந்துவிடும்.

“பத்தூமி வண்டி, ஒன்பது நாற்பது! மெராபி, சிகரெட்டை அணை, வண்டிய எடு! பச்சை முக்காடு போட்ட அம்மா, அது குத்தாயிசி வண்டி, ஏறாதீங்க! அந்தக் கூடையில இருக்குற கோழிக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் குடுங்க!”

இருபத்தாறு வருடமாக இதே அமர்க்களம்தான். எங்கள் பகுதி குரியா, ஜார்ஜியாவின் மேற்கு ஓரம். குரியாக்காரர்கள் வாயில் மோட்டார் வைத்துப் பிறந்தவர்கள் என்று ஜார்ஜியா முழுக்க எங்களைக் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்ட எங்களுக்கே சியாலா பேசுவது வேகம்.

பிப்ரவரியில் ஒரு மழைநாள். லான்சுத்தி வண்டிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுபோனாள். “லான்...” என்றாள், அவ்வளவுதான். ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். மெராபி தான்தான் ஏதோ செய்துவிட்டோம் என்று நினைத்து, சொல்லாமலே சிகரெட்டை அணைத்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒலிபெருக்கியில் ஒரே ஒரு எழுத்து வந்தது. “ஓ.” மறுபடியும், “ஓ.” ஓடிப்போய்ப் பார்த்தால், வலது கை மேசையிலிருந்து நழுவித் தொங்குகிறது, கண் இரண்டும் பயத்தில் விரிந்திருக்கிறது.

பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். கால் மூன்றே வாரத்தில் சரியாகிவிட்டது. வலது கை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. பேச்சுதான் வரவில்லை. யார் என்ன சொன்னாலும் சியாலாவுக்கு நன்றாகப் புரிந்தது. சொல்லவேண்டிய பதிலும் உள்ளே தயாராக இருந்தது. வாயைத் திறந்தால் மட்டும் “ஓ.” தண்ணீர் வேண்டுமென்றாலும் ஓ, ஜன்னலைச் சாத்து என்றாலும் ஓ, போதும் கிளம்பு என்றாலும் ஓ.

பார்க்க வந்தவர்கள் அவளை இன்னும் படுத்தினார்கள். காது கேட்காதவளிடம் பேசுவதுபோலக் கத்தினார்கள். அவளுடைய கணவன் ஒதியா பாவம். முப்பத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தை முடிக்கவேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததே இல்லை; பாதியிலேயே அவள் முடித்துவிடுவாள். இப்போது வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவன்தான் பேசவேண்டியிருந்தது. மனுஷன் இளைத்தே போனான்.

மார்ச் தொடக்கத்தில் நிலைய மேலாளர் ஜெமால் ஒரு பெட்டி மிட்டாயோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், ஆனால் சங்கடமான விஷயத்தைத் தன் காலணியைப் பார்த்துத்தான் பேசுவார்.

“அக்கா, உங்க எடத்துல ஒரு பொண்ணைத் தற்காலிகமாப் போட்டிருக்கேன். மைக்குக்கு முன்னாடியே சூரியகாந்தி விதை கடிக்குது. ஊர்ல கெட்ட பேரு. மேல இருந்து பதிவு பண்ணின குரல் மிஷின் ஒண்ணு வைக்கச் சொல்றாங்க.” காலணியை இன்னும் உற்றுப் பார்த்தார். “ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை வரைக்கும் தள்ளிப் போட்டிருக்கேன். அன்னைக்கு செத்துப்போன சொந்தங்களைப் பாக்க ஊரே கல்லறைக்குக் கிளம்பும், கூட்டம் தாங்காது. அன்னைக்கு நீங்க வந்து உக்காந்து வண்டிய கூப்பிட்டீங்கன்னா நாற்காலி உங்களுது. இல்லேன்னா... என்னால அதுக்கு மேல முடியாதுக்கா.”

சியாலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்று சொல்ல நினைத்தாள். “ஓ” என்றாள். ஜெமால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று முழுக்க அவளுக்கு அந்தக் கூண்டு நினைவாகவே இருந்தது. அந்த நாற்காலி போனால் தன்னிடம் தன்னுடையது என்று ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் மருத்துவமனைக்கு தேக்லே வந்து சேர்ந்தாள். முப்பது வயது இருக்கும். இசையால் சிகிச்சை செய்யப் படித்தவள், கிழக்கே காகேத்தியில் பிறந்தவள், நிதானமாகப் பேசுவாள். அவள் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் எங்கள் ஆட்களுக்குத் தாடி முளைத்துவிடும்.

“மூளையில பேச்சு உக்காந்திருக்கற பக்கத்துலதான் அடைப்பு,” என்று அவள் ஒதியாவிடம் விளக்கினாள். “பாட்டு இன்னொரு பக்கத்துலயும் பரவியிருக்கு. ஒரு வார்த்தை பேச முடியாதவங்க, பாட்டுன்னா வரி வரியாப் பாடிருவாங்க. நானே பார்த்திருக்கேன். எல்லாருக்கும் நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். சியாலாம்மாவுக்குப் பாடத் தெரியுமா?”

ஒதியா துள்ளிக் குதித்தான். “பாடத் தெரியுமாவா? என்ன கேள்வி கேட்டீங்க! முப்பது வருஷமா மகளிர் குழுவுல பாடுறா! நாப்பது பாட்டு தெரியும்! தலைநகரத்துல போய்ப் பரிசு வாங்கினவ!”

செய்தி ஊருக்குள் காட்டுத்தீயாகப் பரவியது. வெள்ளிக்கிழமை காலை சிகிச்சை அறையில் நிற்க இடமில்லை. பாட்டுக்குழுவில் அவளோடு பாடும் லமாராவும் குலிகோவும் கச்சேரிக்குப் போவதுபோல உடுத்தி வந்திருந்தார்கள். மெராபி வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றான். ஒதியா கோட்டுக்குள் ஒயின் பாட்டில் ஒளித்து வைத்திருந்தான். முதல் வார்த்தைக்கு ஊற்றவேண்டுமே. இது எப்படி எனக்கே தோன்றாமல் போயிற்று என்று சியாலா நினைத்தாள்.

தேக்லே சியாலாவின் இடது கையை மேசைமேல் வைத்து மெல்லத் தட்டித் தாளம் போட்டாள். களையெடுப்புப் பாட்டு ஒன்றை, அவளுக்குத் தெரிந்த மட்டும், தொடங்கினாள். சியாலா மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

என்ன குரல்! ஆறு வாரமாக அடைந்து கிடந்த குரல் அறையே அதிர வெளியே வந்தது. ஏறியது, வளைந்தது, தேக்லேயின் மெட்டுக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கி நிறுத்தியது. ஒரு இம்மி பிசகவில்லை. லமாரா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜன்னலில் மெராபி கைதட்டினான். பாட்டு முடிந்ததும் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

தேக்லே மட்டும் குழப்பத்தோடு கேட்டாள்: “ரொம்ப அழகாப் பாடினாங்க. ஆனா வார்த்தையே இல்லையே? ஓ ஓன்னுதானே பாடினாங்க?”

ஒதியா படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“ஐயோ! அவ கீழ்க்குரல்!”

எங்கள் பாட்டுக்கு மூன்று குரல் வேண்டும். நடுவில் சொல்குரல், பாட்டைத் தொடங்குவது அது, வார்த்தையெல்லாம் அதன் வாயில். அந்தக் குரல் லமாராவுடையது. மேலே சேவல் கூவுவதுபோல மடக்கி மடக்கிப் பாடும் மேல்குரல் குலிகோவுடையது. அடியில் பாட்டைத் தாங்கும் கீழ்க்குரல் சியாலாவுடையது. கீழ்க்குரலுக்கு ஏது வார்த்தை? ஓதான், ஆதான். முப்பது வருடத்தில், நாற்பது பாட்டில், சியாலா ஒரு வார்த்தைகூடப் பாடியதில்லை. குழு முழுக்க அங்கேதான் நின்றது, ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

முதலில் சிரித்தது சியாலாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததும் அறையே சிரித்தது. அப்படியே சிரிப்பு அழுகையாக மாறியது, அவளால் நிறுத்த முடியவில்லை. ஒதியா பாட்டிலைக் கோட்டுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

“வார்த்தை அவங்களுக்குத் தெரியுமே?” என்றாள் தேக்லே, விடாமல். “முப்பது வருஷமாப் பக்கத்துல நின்னு கேட்டிருக்காங்க. சொல்குரலைப் பாடச் சொல்லுவோம். நானும் கூடவே பாடுறேன்.”

பாடினார்கள். தேக்லே முதல் வார்த்தையைத் தொட்டதுமே சியாலாவின் தொண்டை தானாகக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி, அதே கதை. பத்துத் தடவை, இருபது தடவை. யாராவது ஒருவர் பாட ஆரம்பித்தால் அடியில் போய்த் தாங்குவதுதான் அவளுக்குத் தெரியும். அடுத்த செவ்வாயும் அப்படித்தான், அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். கூடவே பாடுவதுதான் தேக்லே படித்த சிகிச்சை. இங்கே கூடப் பாடினால் நோயாளி கைவிட்டுப் போகிறாள்.

தேக்லே மூன்று நாள் யோசித்தாள். பிறகு நேராக லமாராவின் வீட்டுக்குப் போனாள்.

“யாரும் பாடக் கூடாது. அவங்கதான் தொடங்கணும். தொடங்குற குரல் உங்களுது. அதை அவங்களுக்குக் குடுத்துட்டு நீங்க கீழ்க்குரல் பாடணும்.”

லமாராவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டைக் கட்டி ஆளுகிறவள். அவளும் சியாலாவும் சின்ன வயதிலிருந்து எலியும் பூனையும்தான். “நான்தான் பாட்டு, நீ தரை” என்பாள் லமாரா. “தரையில்லாம நில்லு பார்ப்போம்” என்பாள் சியாலா. எங்கள் ஊரில் ஒருவர் குரலை இன்னொருவர் எடுப்பதென்பது, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் நாற்காலியிலேயே போய் உட்காருவதற்குச் சமம். லமாரா கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை சியாலாவின் சமையலறைக் கதவு இடிபட்டுத் திறந்தது. துணியில் சுற்றிய சூடான சோள ரொட்டியை மேசையில் தொப்பென்று போட்டாள் லமாரா.

“எடுத்துக்கோ என் குரலை. ஆனா ஒரு வார்த்தை கெடுத்தே, உன்னைக் கொன்னே போடுவேன். கேட்டியா?”

“ஓ,” என்றாள் சியாலா. முப்பது வருடத்தில் அவள் லமாராவுக்கு மறுபேச்சு இல்லாமல் பதில் சொன்னது அன்றுதான்.

அன்றிலிருந்து வேலை தொடங்கியது. என்ன வேலை? சும்மா இருப்பது! சமையலறை மேசையைச் சுற்றி நான்கு பெண்கள். தேக்லே சியாலாவின் இடது கையைத் தட்டுவாள். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. மலையைத் தூக்கச் சொல்லியிருந்தால் தூக்கியிருப்பார்கள். முதல் நாள் குலிகோ முக்கால் நிமிடம் தாக்குப்பிடித்தாள். “அடுப்புல ஏதோ தீயுது,” என்றாள், அடுப்பே பற்றவைக்கவில்லை. லமாரா பேச்சு வரும்போதெல்லாம் ஒரு விள்ளல் ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் பாவாடை இறுகிவிட்டதாகப் புலம்பினாள்.

சியாலாவுக்கு அந்த மௌனம் கிணற்று விளிம்பில் நிற்பதுபோல இருந்தது. அடியில் நின்று தாங்கியே பழகியவள்; தாங்க மேலே ஒன்றுமில்லை. முதல் வார்த்தை அங்கேதான் இருந்தது, அவளுக்குத் தெரிந்தது. நாக்கு நகரவில்லை. கோபத்தில் மேசையைக் குத்தினாள். தேக்லே அசையாமல் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

பதினோராவது நாள், தட்டல் நடந்துகொண்டிருந்தபோதே, சியாலாவின் குரல் களையெடுப்புப் பாட்டின் முதல் வரியில் மெல்லிய நூலாகக் கிளம்பியது.

“எழுந்... தியா... பக்கத்து... வீட்டுக்காரி...”

லமாராவின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது. சியாலா தன் வாயைக் கையால் தொட்டுப் பார்த்தாள். மறுபடி பாடினாள், இன்னும் உரக்க. மூன்று வார்த்தை! முழு மூன்று வார்த்தை! குலிகோ மேல்குரலில் கூவிக்கொண்டு எழுந்துவிட்டாள், லமாரா ரொட்டியை விழுங்கிவிட்டுக் கீழ்க்குரலில் பாய்ந்தாள். ஒதியா வீட்டுச் செருப்போடு தெருவுக்கு ஓடி, “பாடிட்டா! வார்த்தையோட பாடிட்டா!” என்று போகிறவன் வருகிறவனையெல்லாம் கட்டிக்கொண்டான். கோட்டுக்குள் இருந்த பாட்டில் அன்றுதான் வெளியே வந்தது.

ஒரே ஒரு குறை. லமாராவின் கீழ்க்குரல் சுருதியைவிட ஒரு நூல் மேலேயே நின்றது. ஒவ்வொரு தடவையும் சியாலாவின் முகம் புளி கடித்ததுபோலச் சுருங்கும். இடது கையால் மேசையைத் தட்டிக் கீழே, கீழே என்று காட்டுவாள். “எனக்குத் தெரியும், சும்மா இரு,” என்பாள் லமாரா. தெரியவில்லை.

அந்த வாரமே தேக்லே இன்னொரு குண்டைப் போட்டாள். “பாட்டு வார்த்தை பாட்டோடயே நின்னுடும். இதைப் பாடிக்கிட்டே போய்க் கடையில உப்புக் கேக்க முடியாது. அவங்களுக்கு வேணுங்கற வார்த்தையை மெட்டுல வைக்கணும். அப்புறம் மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமா உருவிடணும். சியாலாம்மா, உங்களுக்கு எந்த வார்த்தை வேணும்?”

சியாலா எழுந்து போனாள். இழுப்பறையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து வந்து இடது கையால் நீவி விரித்தாள். பேருந்து நேரப்பட்டியல்.

அதன்பிறகு எங்கள் தெருவில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. காலையும் மாலையும் மூன்று குரலில் நேரப்பட்டியல் முழங்கியது. “பத்தூ...மீ... ஒன்பதூ... நாற்பது...” அடியில் ஓ, மேலே சேவல். குத்தாயிசி இரண்டு நாளில் வசப்பட்டது. திபிலீசி தானாகவே வந்தது. லான்சுத்திதான் அவளை அழவைத்தது. அந்த ஊர்ப் பெயரில்தானே வாய் நின்றது. அதுவும் ஐந்தாம் நாள் வந்தது. பட்டியலில் இருந்த ஒன்பது ஊரும் வந்துவிட்டன. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “சியாலா, சொகாத்தௌரிக்கு அடுத்த வண்டி எப்போ?” என்று வேண்டுமென்றே கேட்பார்கள். அவள் பாடுவாள். மெட்டில்லாமல் மட்டும் ஒரு வார்த்தையும் வரவில்லை. “பாடியே கூப்பிடட்டுமே, யாரு வேணாங்கறா?” என்றான் ஒதியா.

ஈஸ்டர் திங்கள் வந்தது. நிலையம் பொங்கி வழிந்தது. கல்லறைக்குக் கொண்டுபோகக் கூடை கூடையாகச் சிவப்பு முட்டை, ஒயின் ஜாடி, பூச்செடி, குழந்தைகள், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சியாலா கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தாள். நாற்காலி அவளை அடையாளம் கண்டு கிறீச்சிட்டது. ஜெமால் பக்கத்தில் நின்றார். மேசைமேல் துணி போர்த்திய ஒரு பெட்டி இருந்தது. அதுதான் அந்த மிஷின் என்று அவளுக்குப் புரிந்தது. ஒன்பது முப்பத்தெட்டு. மைக்கை உதட்டோடு ஒட்டினாள், இடது கையைத் தட்டினாள், மூச்சை இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா சொகாத்தௌரி வண்டிக்குப் பக்கத்தில் இருந்த கூட்டம் உயிர்த்தெழுந்த ஆண்டவர் பாட்டை ஆரம்பிக்கவேண்டும்! ஒருவன் தொடங்க, நாலு பேர் சேர, நிலையமே பாடியது. சியாலாவின் தொண்டை தன் புத்தியைக் காட்டிவிட்டது. அத்தனை ஒலிபெருக்கியிலும் கம்பீரமாக வந்தது:

“ஓ... ஓஓ... ஓ...”

கூட்டம் மகிழ்ந்துபோய் இன்னும் உரக்கப் பாடியது. யாருக்குத் தெரியும் அங்கே ஒருத்தியின் நாற்காலி பறிபோகிறது என்று? சியாலா மீண்டும் முயன்றாள், மீண்டும் ஓ. ஜெமால் காலணியைப் பார்த்தார். அவர் கை துணி போர்த்திய பெட்டிப் பக்கம் போனது.

“நிறுத்துங்கடா பாட்டை!”

கூண்டுக்கு வெளியே ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தாள் லமாரா. முந்நூறு பள்ளிப்பிள்ளைகளைச் சூப்புக்கு வரிசையில் நிறுத்திய குரல். “ஆண்டவர் எழுந்துட்டாரு, தெரியும்! இப்ப சியாலா எழுந்திரிக்கணும்! ஒரே ஒரு நிமிஷம் எல்லாரும் வாயை மூடுங்க! குரியாக்காரங்களால முடியாதுன்னு ஊரு ஒலகம் சொல்லுது. மூடிக் காட்டுங்க!”

மூடினார்கள். நான் சொல்வதை நம்பினால் நம்புங்கள். அத்தனை பேரும் மூடினார்கள். மெராபி இன்ஜினை அணைத்தான். ஒரு கூடையில் கோழி மட்டும் கொக்கரித்தது, உடையவள் அதன் மூக்கைப் பொத்தினாள்.

சியாலாவுக்கு முன்னே சமையலறையில் இருந்த அதே மௌனம், நூறு மடங்கு பெரியதாக. இந்தத் தடவை அவள் பயப்படவில்லை. இடது கை மேசையைத் தட்டியது.

“பத்தூ...மீ... வண்டீ... ஒன்பதூ...”

லமாராவுக்குத் தாங்க முடியவில்லை. சந்தோஷத்தில் பெஞ்சின்மேல் நின்றபடியே கீழ்க்குரலை எடுத்தாள். வழக்கம்போல ஒரு நூல் மேலே. மைக் அதையும் இழுத்து ஊருக்கே கேட்கவைத்தது.

சியாலா பாட்டை நிறுத்தினாள். முகம் சுருங்கியது.

“லமாரா, தப்பு,” என்றாள். “கீழே. கீழே வா.”

மெட்டில்லை, தாளமில்லை. கை மேசைமேல் சும்மா கிடந்தது. ஒலிபெருக்கி அதை நிலையத்தின் நான்கு மூலைக்கும் கொண்டுபோனது. சொன்னது தான்தான் என்று சியாலாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. கண்ணாடிக்கு வெளியே ஒதியா தொப்பியை வாயில் அழுத்திக்கொண்டு நின்றான். தேக்லே அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். ஜெமால் மிஷின் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினார். பெஞ்சின்மேல் லமாரா இரண்டு கன்னத்திலும் கண்ணீர் ஓட, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

“என்னடி சொன்னே? கேக்கலை! இன்னொரு தடவை சொல்லுடி!”

சியாலா மைக்கை உதட்டோடு ஒட்டினாள்.

“தப்பு!”